ஓக் தீவின் ஆன்ஸ்லோ கம்பெனி: 1804 வாக்கிலான ஆவணங்களில் எப்படித் தேடுவது?

கரைவலை கேட்டது:

நோவா ஸ்கோஷியாவின் மஹோன் விரிகுடாவில் உள்ள ஓக் தீவில் 1795-இல் புதையல் குழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு முதன்முதலாகப் பங்கு போட்டுத் தோண்டியவர்கள் ஆன்ஸ்லோ கம்பெனியார். தொடங்கிய ஆண்டு ஒரு கட்டுரையில் 1803, இன்னொன்றில் 1804, வேறொன்றில் 1805. சிமியன் லிண்ட்ஸ், கர்னல் ராபர்ட் ஆர்ச்சிபால்ட், கேப்டன் டேவிட் ஆர்ச்சிபால்ட், ஷெரீஃப் தாமஸ் ஹாரிஸ் என்ற நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஹாலிஃபாக்ஸ் ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தக் காலத்துத் தாள் ஒன்றுகூட வரவில்லை. அப்படி ஒரு கம்பெனியே இருக்கவில்லை என்று கொள்வதா? இல்லை, தேடும் முறை தவறா? எந்தத் தொகுதியிலிருந்து தொடங்க வேண்டும்?

மூலப்பத்திரம்:

தேடும் முறைதான் தவறு. கம்பெனியை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள்.

அன்றைய நோவா ஸ்கோஷியாவில் ஒரு கம்பெனி சட்டப்படி தனி ஆளாக நிற்க வேண்டுமென்றால் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டும், அல்லது அரச சாசனம் வேண்டும். ஷுபனகாடி கால்வாய்க் கம்பெனிக்கு 1826-இலும், நோவா ஸ்கோஷியா வங்கிக்கு 1832-இலும் அப்படித்தான் கிடைத்தது. 1825-இல் தொடங்கிய ஹாலிஃபாக்ஸ் வங்கிக் கம்பெனியோ சாசனம் இல்லாமல் வெறும் கூட்டாண்மையாகவே நடந்தது. வங்கிக்கே அந்த நிலை என்றால், குழி தோண்டச் சேர்ந்த சில விவசாயிகள் சாசனம் வாங்கியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தத் தாள் இருந்திருக்கலாம். அது யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடந்திருக்கும், அரசாங்கப் பதிவேட்டில் ஏறியிருக்காது. 'ஆன்ஸ்லோ கம்பெனி' என்ற பெயரே பின்னால் எழுதியவர்கள் அடையாளத்துக்காக வைத்ததாக இருக்கக்கூடும். அந்தப் பெயரில் பட்டியலில் எதுவும் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது.

தொடங்க வேண்டிய இடம் காப்பகத்தில் ஆர்ஜி 47 என்று எண்ணிட்ட தொகுதி, அதாவது பத்திரப் பதிவேடுகள். மைக்ரோஃபிலிமாக உள்ள இவற்றில் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் படமாகப் பார்க்கலாம். தீவு லூனன்பர்க் மாவட்டம். தீவு அடங்கிய செஸ்டர் ஊருக்கு முதலில் ஷோர்ஹாம் என்று பெயர், ஆகவே பழைய பத்திரங்களில் இரண்டையும் பாருங்கள். 1762-இல் சார்லஸ் மோரிஸ் தீவை அளந்து, சுமார் நான்கு ஏக்கர் வீதம் 32 மனைகளாகப் பிரித்தார். குழி இருக்கும் மனை எண் 18. அதை ஜான் ஸ்மித் 1795-இல் காஸ்பர் வோலன்ஹாப்டிடமிருந்து கிரயம் வாங்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நிலம் ஸ்மித்தின் கையில் இருந்ததால், தோண்ட வந்தவர்கள் எதையும் கிரயம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, அவர் சம்மதம் போதும். எனவே லூனன்பர்க் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லாவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். பணம் திரட்ட அவர்கள் சொந்த ஊர் நிலத்தை அடமானம் வைத்திருக்கலாம். அது ஆன்ஸ்லோ, ட்ரூரோ பக்கத்துப் பதிவேட்டில் வரும். அந்த ஊர்கள் இருக்கும் கோல்செஸ்டர் தனி மாவட்டமானது 1835-இல்தான். அதற்கு முன் அது ஹாலிஃபாக்ஸ் மாவட்டத்தின் உட்பிரிவு. ஆகவே ட்ரூரோ பதிவேடு, ஹாலிஃபாக்ஸ் பதிவேடு இரண்டையும் புரட்ட வேண்டும். பக்கத்துப் பிக்டோவுக்கும் இதே கதைதான். ஷெரீஃப் ஹாரிஸைப் பிக்டோ பக்கம் தேடும்போது அது தேவைப்படும்.

அட்டவணையில் விற்றவர் பக்கம், வாங்கியவர் பக்கம் என்று இரண்டு இருக்கும். அடமானம் வைத்தவர் விற்றவர் பக்கத்தில்தான் வருவார். பலரும் வாங்கியவர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இன்னொன்று, பழைய அட்டவணைகள் பெரும்பாலும் முழு அகரவரிசையில் இருக்காது. முதல் எழுத்துவாரியாகப் பிரித்து, அதற்குள் பதிவான வரிசையில் போகும். 'எல்' எழுத்துப் பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். லிண்ட்ஸ் என்பதை லின்ட்ஸ், லைன்ஸ் என்றெல்லாம் குமாஸ்தா எழுதியிருப்பார். குழியைக் கண்டவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் மெக்கின்னிஸின் பெயர் மெக்இன்னிஸ், மகினிஸ் என்றும் வரும்.

பழையதாள்:

மேலே சொன்னதோடு தேதி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1803-ஆ 1805-ஆ என்ற கேள்வியே அதில்தான் நிற்கிறது.

பத்திரத்தில் மூன்று தேதிகள் இருக்கக்கூடும்: எழுதிய நாள், சாட்சி சத்தியம் செய்த நாள், பதிவான நாள். எழுதியதற்கும் பதிவுக்கும் இடையில் சில ஆண்டுகள் ஓடிப்போயிருப்பது சாதாரணம். 1805 புத்தகத்தில் கண்டதாலேயே 1805-இல் நடந்தது என்று குறித்துவிடாதீர்கள். அதேபோல், 1804-இல் எழுதியது 1810-க்கான புத்தகத்தில் கிடக்கலாம். தேடும் எல்லையைப் பிந்திய ஆண்டுகள் பக்கமாகப் பத்து ஆண்டுகளாவது நீட்டுங்கள்.

சில பத்திரங்களில் ஆண்டு எண்ணே இருக்காது, 'மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆட்சியின் நாற்பத்தைந்தாம் ஆண்டு' என்று மட்டும் இருக்கும். அவர் பட்டமேறியது 1760 அக்டோபர் 25. ஆகவே 45-ஆம் ஆட்சியாண்டு 1804 அக்டோபர் 25-இல் தொடங்கி 1805 அக்டோபர் 24-இல் முடிகிறது. 'ஜூன், 45-ஆம் ஆண்டு' என்றால் 1805. 'நவம்பர், 45-ஆம் ஆண்டு' என்றால் 1804. 1760-உடன் 45-ஐக் கூட்டி எல்லாவற்றுக்கும் 1805 என்று போட்டுவிட்டால், கடைசி இரண்டு மாதத்துப் பத்திரங்கள் ஓராண்டு தள்ளிப்போகும்.

பணத்தொகை வந்தால் அது ஹாலிஃபாக்ஸ் நாணயமா ஸ்டெர்லிங்கா என்று பாருங்கள். ஸ்பானிய டாலர் ஒன்றுக்கு ஹாலிஃபாக்ஸ் கணக்கில் 5 ஷில்லிங், ஸ்டெர்லிங்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். ஹாலிஃபாக்ஸ் 10 பவுண்டு என்பது ஸ்டெர்லிங் 9 பவுண்டு, 40 டாலர்.

பதிவேட்டில் இருப்பது குமாஸ்தா எடுத்த நகல். கடைசியில் காணும் கையெழுத்தும் அவர் எழுதியதுதான். அதை வைத்துக் கையெழுத்து ஒப்பிடாதீர்கள்.

ஏட்டுப்புழு:

பத்திரத்தைவிட நீதிமன்றக் கோப்புகளில் நம்பிக்கை அதிகம் வைக்கலாம் என்பது என் எண்ணம். பொது நீதிமன்றக் கோப்புகள் ஆர்ஜி 37, உச்ச நீதிமன்றம் ஆர்ஜி 39.

காரணம் இதுதான். சாசனமில்லாத கூட்டாண்மை கடன் வைத்தால், கம்பெனி மீது வழக்குப் போட முடியாது. பங்காளிகள் எல்லோரையும் பெயர் சொல்லிப் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் எதிர்த்தரப்பு அதையே ஆட்சேபணையாகக் கிளப்பும். ஆக, இரும்புக்கோ கயிற்றுக்கோ கூலிக்கோ பாக்கி கேட்டு ஒரே ஒரு வழக்கு கிடைத்தாலும், அந்தப் பிரதிவாதி வரிசையே பங்காளிகளின் பட்டியல். குழியில் தண்ணீர் ஏறிப் பணம் மூழ்கியதாகத்தான் எல்லா விவரங்களும் சொல்கின்றன. பாக்கி இல்லாமலா போயிருக்கும்?

உயில் கோப்புகள் ஆர்ஜி 48. மதிப்பீட்டாளர்கள் மாடு, கலப்பை, படுக்கை என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் கைமாற்றுக் கடன், புரோநோட்டு எழுதுவார்கள். அங்கேதான் கண் வைக்க வேண்டும். பலன் தராத குழியில் இருந்த பங்குக்கு மதிப்பே இல்லை என்று விட்டிருப்பார்கள். ஆனால் நிறைவேற்றுநர் பின்னால் தாக்கல் செய்த வரவுசெலவுக் கணக்கில் பழைய பாக்கி தலைகாட்டலாம். மதிப்பீட்டுத் தாளோடு நிறுத்திவிடாமல் கோப்பை முழுவதும் பாருங்கள்.

மன்னராட்சியின் பக்கம்: உரிமையாளர் தெரியாத புதையல் பொன்னும் வெள்ளியும் அரசுக்குச் சேரும் என்பது பழைய பொதுச்சட்டம். அனுமதி கேட்டிருந்தால் அப்போதைய துணை ஆளுநர் ஜான் வென்ட்வொர்த்தின் கடிதங்களில் இருக்கும். அவர் 1792 முதல் 1808 வரை பதவியில் இருந்தார். ஆர்ஜி 1-உம், லண்டன் கியூவில் உள்ள குடியேற்றத்துறைத் தொகுதி சிஓ 217-உம் பார்க்க வேண்டியவை. ஆனால் இதைக் கடைசியில் வையுங்கள். 1687-இல் வில்லியம் ஃபிப்ஸ் மூழ்கிய கன்செப்சியோன் கப்பலின் வெள்ளியை எடுத்தபோது அவருக்குப் பின்னால் அரச உரிமையும் பிரபுக்களின் முதலும் இருந்தன, அதனால் லண்டனில் தாள் குவிந்தது. ஆன்ஸ்லோ விவசாயிகளுக்கோ அரசிடம் சொல்லாமல் இருப்பதில்தான் லாபம்.

கரைவலை:

மூவருக்கும் நன்றி. ட்ரூரோ அட்டவணையைத் திறந்ததுமே ஒரு சிக்கல்: ஆர்ச்சிபால்டுகள் ஏராளம். டேவிட் மட்டுமே பலர். எந்த டேவிட் என்று எப்படிப் பிரிப்பது?

மூலப்பத்திரம்:

1762-இல் ட்ரூரோவுக்கு வந்த நான்கு ஆர்ச்சிபால்டு சகோதரர்களின் வழியினர் அவர்கள். தலைமுறைதோறும் அதே பெயர்களை வைத்தார்கள். பெயரை வைத்துப் பிரிக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். ஒவ்வொரு பத்திரத்திலிருந்தும் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஊர், தொழில், மனைவி பெயர், எல்லையில் உள்ள பக்கத்து நிலத்துக்காரர். மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் பகுதி பத்திரத்தின் அடியில் இருக்கும். இரண்டு டேவிட்களைப் பிரிக்க அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அடுத்து அந்தப் பட்டங்கள். கர்னல், கேப்டன், ஷெரீஃப் என்பதை ஜே.பி. மெக்கல்லியின் 1862-ஆம் ஆண்டுக் கடிதம் போன்ற பிற்கால எழுத்துகளின் வழியாகத்தான் நாம் பெறுகிறோம், கிட்டத்தட்ட அறுபது ஆண்டு கழித்து. ஒருவர் கடைசியில் எட்டிய பட்டத்தைச் சொல்லி அவரது இளமைக் காலத்தைப் பேசுவது மனித வழக்கம். ஆண்டுதோறும் ஹாலிஃபாக்ஸில் அச்சான பஞ்சாங்கங்களில் மக்கள் படை அதிகாரிகள், ஷெரீஃபுகள், நீதிபதிகள் பட்டியல் இருக்கும். 1800 முதல் 1812 வரை ஒவ்வொரு ஆண்டாக எடுத்து, நான்கு பேரும் எந்த ஆண்டில் எந்தப் பட்டத்தில் இருந்தார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போடுங்கள். 1804-இல் ராபர்ட் இன்னும் கேப்டனாகவே இருந்தால், கதையிலுள்ள 'கர்னல்' பின்னால் ஒட்டியது. அதை வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது.