மறு: மறு: லத்தீன் கிராமி – ‘கிராபாசியோன்’ தமிழில்?

க. எழுதியது:
நண்பர்களே, வணக்கம். ஸ்பானிய, போர்த்துக்கீசிய இசைக்குத் தரும் லத்தீன் கிராமி விருதுகள் பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ‘கான்சியோன் தெல் அன்யோ’வுக்கு ‘ஆண்டின் சிறந்த பாடல்’ என்று போட்டாயிற்று. மாட்டிக்கொண்டது ‘கிராபாசியோன் தெல் அன்யோ’வில் (ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட் ஆஃப் தி இயர்’). முன்னது பாட்டை இயற்றியவர்களுக்கு. பின்னது பாடியவர், தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர் எல்லோருக்கும். 2000-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி சிபிஎஸ் ஒளிபரப்பிய முதல் விழாவிலேயே இரண்டும் வேறு வேறு பாட்டுக்குப் போயின: பின்னது கித்தார் கலைஞர் சந்தானா, மெக்சிகோவின் மானா இசைக்குழு கூட்டணிக்கு, முன்னது பாடகர் மார்க் ஆண்டனி பாடியதற்கு. அதனால் இரண்டையும் ‘பாடல்’ என்று எழுதித் தப்பிக்க வழியில்லை.

மு. எழுதியது:
‘ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு’. முடிந்தது.

தே. எழுதியது:
முடியவில்லை மு. சினிமா டைட்டிலில் ‘ஒலிப்பதிவு’ என்று வந்தால் பாடகரையா நினைக்கிறோம்? வெறும் ‘பதிவு’ என்றாலோ சார்பதிவாளர் அலுவலகம், இல்லாவிட்டால் முகநூல்.

ந. எழுதியது:
‘கிராபார்’ என்றால் செதுக்குதல், பொறித்தல். புலி பொறித்த நாட்டில் இதற்கா சொல் தேடுகிறீர்கள்? ‘இசைப்பொறிப்பு’ என்க. செவி ஐம்பொறிகளுள் ஒன்று; அதில் புகும் ஒலியைப் பொறித்துத் தருபவர் பொறியாளர்; அவருக்கும் இவ்விருது உண்டு. வேர் எங்கும் ஒன்றே.

தே. எழுதியது:
ஐயா, பொறித்தல் வேறு வேர், ஐம்பொறி வேறு வேர் என்று வாதாட என்னிடம் தெம்பில்லை. அச்சில் ஒரு றகரம் ரகரமாகிவிட்டால் உங்கள் சொல் அப்பளம்.

மு. எழுதியது:
‘ரெக்கார்டு’ என்றே விடுங்களேன். கல்யாண வீட்டில் ரிக்கார்டு போடாத ஊர் உண்டா? ரெக்கார்டு டான்ஸ் தெரியாத திருவிழா உண்டா?

க. எழுதியது:
இன்று ரெக்கார்டு என்றால் சாதனை என்றுதான் படிப்பார்கள். ‘இசைத்தட்டு’ என்றால் ஆல்பத்தோடு குழம்பும். அதற்குத் தனி விருது இருக்கிறது.

ந. எழுதியது:
போகட்டும். ‘லத்தீன்’ என்று ரோமானியர் மொழியின் பெயரைச் சூட்டியது யார்? ‘இலத்தீன் அமெரிக்க’ என்று திருத்துக.

க. எழுதியது:
முடியாது ஐயா. 2022-இல் ஆல்பம் விருது வாங்கிய ரொசாலியா ஸ்பெயின்காரர். 2023 விழாவே ஸ்பெயினின் செவில்லே நகரில்தான் நடந்தது. ‘ஸ்பானிய’ என்றாலும் போர்த்துக்கீசியப் பாட்டுகள் வெளியே நிற்கும்.

தே. எழுதியது:
பேச்சோடு பேச்சாக: அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி யூனிவிஷன் 1989-இல் தொடங்கிய ‘பிரேமியோ லோ நுவெஸ்த்ரோ’ விருதை என்ன செய்வீர்கள்? ‘நம்முடையது’வா, ‘எங்களுடையது’வா? ஸ்பானியத்தில் நாம், நாங்கள் பிரிவே இல்லை. வீட்டில் அமர்ந்து பார்க்கும் ஸ்பானியக் குடும்பத்திடம் சொன்னால் நம்முடையது.

மு. எழுதியது:
அக்கம்பக்கத்து ஆங்கிலக்காரரிடம் மார்தட்டிச் சொன்னால் எங்களுடையது.

ந. எழுதியது:
விருதுக்குப் பெயர் வைப்பவர் முன்னிலையாரை விலக்க மாட்டார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மையே, அதாவது ‘நம்முடையது’ என்பதே, தகும்.

க. எழுதியது:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும். எனக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. ‘ஆண்டின் சிறந்த பாடல் பதிவு’ என்று எழுதி, முதல் தடவை வரும்போது ‘பாடியவருக்கும் பதிவுக் குழுவினருக்கும் உரியது’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். அழகில்லைதான், புரியும்.

மு. எழுதியது:
+1

தே. எழுதியது:
சரி, இதுவே இருக்கட்டும். ‘ஒலிப்பதிவு’ இல்லாதவரை எனக்குச் சம்மதம்.

ந. எழுதியது:
லகரத்தின் முன் பகரம் வந்தால் என்ன ஆகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘பாடற்பதிவு’ என்றாவது புணர்த்தி எழுதுக. இசைப்பொறிப்பை நான் திரும்பப் பெறவில்லை.