நாரி நோவும் கட்டில் படிப்பும்

மூன்றாமாண்டு மாணவி, வெள்ளவத்தை

போன மாசி மாதம் ஒரு காலை, முகம் கழுவக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். நாரி, அதாவது இடுப்பின் பின்பக்கம், பிடித்துக்கொண்டது. அறைத்தோழி ஓடி வந்து இரண்டு தோளையும் பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்தினாள். எனக்கு வயது 22. எங்கள் அம்மம்மா கிணற்றடியில் இப்படி நின்றதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்தவள் நான். மேல்மாடி அறையொன்றில் நான்கு பேர் இருக்கிறோம். நான்கு கட்டில், ஓர் அலுமாரி, ஒரே ஒரு மேசை. அந்த மேசையில் ரைஸ் குக்கரும் கோப்பைகளும் இருந்தன. ஆகவே கட்டில்தான் எங்களுக்கு மேசையும் கதிரையும். சுவரில் தலையணையைச் சாய்த்து, முழங்காலை மடித்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்து ஒப்படை எழுதுவேன். அது முடிந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து, தலைக்குக் கையை முட்டுக்கொடுத்துக் கைத்தொலைபேசி பார்ப்பேன். இரவு ஒரு மணியாகிவிடும்.

பிடரி உளைவு முதலாமாண்டிலேயே தொடங்கிவிட்டது. சித்தாலேப தைலம் பூசுவேன், இரண்டு பனடோல் போடுவேன், படுத்துவிடுவேன். அறையில் நான்கு பேருக்கும் அது இருந்ததால் ஒருவரும் அதை நோயாக எண்ணவில்லை. இன்று நினைத்தால் அதுதான் மனதை உறுத்துகிறது.

நாரி பிடித்த பிறகு ஓர் இயன் மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போனேன். "எங்கே இருந்து படிக்கிறீர்கள்? இருந்து காட்டுங்கள்" என்றார். அங்கிருந்த கட்டிலில் ஏறிக் காலை மடக்கித் தொலைபேசியைப் பிடித்துக் காட்டினேன். அதைப் படமெடுத்து என்னிடமே நீட்டினார். முதுகு கூனிக் கிடந்தது. நாடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தில் இறங்கும் பாரம் 27 கிலோ அளவுக்கு ஏறுகிறது என்று 2014இல் அமெரிக்க முதுகெலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் கணித்திருக்கிறார். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கியவர்களுக்கு அது என்ன பாரம் என்று தெரியும்.

அடுத்து அவர் கேட்டது, "கடைசியாக எப்போது ஓடினீர்கள்?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாம் வகுப்பு வரை நான் பாடசாலை வலைப்பந்து அணியில் இருந்தவள். சாதாரண தரப் பரீட்சைக்காக விளையாட்டை நிறுத்தினார்கள். பிறகு உயர்தரம், டியூஷன், பல்கலைக்கழகம். அந்தச் சப்பாத்தை மறுபடி நான் போடவே இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தும் எனக்கு அதில் பாதி வரவில்லை.

நான்கு பேரும் பேசி மேசையை மீட்டோம். ரைஸ் குக்கர் சன்னல் கட்டுக்குப் போனது. மடிக்கணினிக்குக் கீழே தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். தட்டுவதற்குத் தனி விசைப்பலகை ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கினேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கிறேன். மாலையில் மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்புகிறோம். காலையில் நோவில்லாமல் எழும்ப எனக்கு ஆறு கிழமை பிடித்தது.

இரண்டாமாண்டு மாணவன், நுகேகொடை

அக்கா, எனக்கு வந்தது மணிக்கட்டில். 138 பஸ்ஸில் நின்றபடிதான் தினமும் பயணம். ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் தொலைபேசி. நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் பெருவிரல் ஓயாமல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிறகு போத்தல் மூடியைத் திறக்கவே முடியாமல் போனது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் பொத்தி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சரிக்கச் சொன்னார் வைத்தியர். உயிர் போய் வந்தது. டி குவெர்வெயின் நோயாம். பெருவிரல் தசைநாண்கள் ஓடும் உறை தடித்து, அவை உள்ளே உரசுகின்றன என்று விளக்கினார். மூன்று கிழமை பட்டை கட்டினேன். இப்போது பஸ்ஸில் தொலைபேசி பைக்குள்ளேயே இருக்கிறது.

இயன் மருத்துவ மாணவி, கொழும்பு

தங்கச்சி, நல்ல வேளையாகச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் எல்லோரும் கவனியுங்கள். கழுத்து நோ கைக்கு இறங்கி விரல் விறைத்தாலோ, பிடித்த பொருள் கை நழுவி விழுந்தாலோ தைலம் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். நாரி நோவுடன் கால் பலமிழந்தாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி நாரி நோவென்று நாட்கணக்கில் படுத்துக் கிடப்பது நல்லதல்ல. தாங்கக்கூடிய அளவுக்கு நடப்பதுதான் மருந்து.

மூன்றாமாண்டு மாணவி, வெள்ளவத்தை

நன்றி அக்கா. விரல் விறைப்பு என் அறைத்தோழிக்கு இருக்கிறது. நாளை அவளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். தனியாக நடக்கத் தயங்கும் தங்கச்சிமார் இருந்தால், நாங்கள் மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தடியில் நிற்போம். எங்களுடன் சேர்ந்துகொள்ளுங்கள்.