பட்டப்பின் படிப்பில் மொழித் தகைமை: மலையக மாணவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து:

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலை, விஞ்ஞானப் பீடத்தில் வரலாற்றுத் துறையில் கலாநிதிப் பட்டத்துக்காகப் படித்து வருகிறேன். மொழித் தகைமை என்றவுடன் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை மட்டுமே நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் பலர் இருப்பதால் இதனைப் பகிர்கிறேன். மனிதப் பண்பியல் துறைகள் பலவற்றில் மொழித் தகைமை இரண்டு கட்டங்களாக வருகிறது.

முதலாவது, அனுமதிக்கு முன் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்ச்சி. ஆங்கில மொழிமூலம் பட்டம் பெற்றவர்களுக்குப் பதிவாளரின் கடிதத்தை ஏற்றுப் பல பல்கலைக்கழகங்கள் விலக்களிக்கின்றன. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னைப் போலத் தமிழ் மொழிமூலம் கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் எழுதியே ஆக வேண்டும். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டைத் தீர்மானித்த பின்னர் எழுதுவது நல்லது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. ஆய்வேட்டைத் தொடங்கும் நிலைக்கு உயர்வதற்கு முன், ஆய்வுக்குத் தேவையான பிற மொழிகளில் வாசிப்புத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். எங்கள் திணைக்களத்தில் ஆங்கிலம் தவிர்ந்த இரண்டு மொழிகள் கேட்கப்பட்டன. பிரெஞ்சையோ ஜேர்மனையோ தெரிவு செய்தவர்களிடம் எவரும் காரணம் கேட்கவில்லை. நான் தமிழைக் குறிப்பிட்டபோது, அது தாய்மொழி என்பதால் கணக்கில் சேருமா என்ற கேள்வி எழுந்தது. அது எனக்கு வருத்தமளித்தது. என் ஆய்வு 1920களிலும் 1930களிலும் தோட்டத் தொழிலாளர் அமைப்புகள் உருவான விதம் பற்றியது. தோட்டத்துரைமார் சங்கத்தின் ஆங்கில ஆவணங்களை மட்டும் வாசித்தால் துரைமார் தரப்பு மட்டுமே கிடைக்கும். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் நடத்திய தமிழ்ப் பத்திரிகைகள், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரிடையே பாடிப் பரப்பிய பாடல்கள் ஆகியவை இல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றி நேர்மையாக எதுவும் எழுத முடியாது. இதனையே ஒரு பக்கக் கடிதமாக எழுதி, எந்த ஆவணம் எந்த மொழியில் உள்ளது என்ற பட்டியலையும் இணைத்து, மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் கொடுத்தேன். தமிழ் ஆய்வு மொழியாக ஏற்கப்பட்டது.

மற்ற மொழி சிங்களம். அதற்கான பரீட்சையில், இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பக்கப் பகுதியை, அச்சு அகராதி ஒன்றின் துணையுடன் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். எனக்கு வந்தது 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது தோட்ட மக்களின் வாக்குரிமை குறித்து எழுந்த விவாதம். நாவலப்பிட்டி கடைத்தெருவில் பேசிப் பழகிய சிங்களம் இதற்குப் போதாது. பேச்சில் 'நான்', 'நாங்கள்', 'அவர்கள்' எல்லோருக்கும் ஒரே வினைவடிவம் போதும். எழுத்துச் சிங்களத்தில் எழுவாய்க்கேற்ப வினைமுற்று மாறும். தமிழில் படித்தவருக்கு இது பழக்கமான இலக்கணம்தான், வினையும் வாக்கியத்தின் இறுதியிலேயே வருகிறது. எழுவாய் சொல்லப்படாத நீண்ட வாக்கியங்களில் வினைமுற்றை முதலில் பார்த்து, செய்தவர் யார் என்று கண்டுகொண்டு எழுதினேன். ஐரோப்பிய மொழியொன்றைப் புதிதாகக் கற்க இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவிட்ட சக மாணவர்களோடு ஒப்பிடும்போது, மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இது பெரிய பலம் என்றே கருதுகிறேன்.

பதுளையிலிருந்து:

அக்காவின் அனுபவத்தோடு விஞ்ஞானப் பிரிவின் நிலையையும் சேர்க்க விரும்புகிறேன். ஒரு காலத்தில் இரசாயனவியல் கலாநிதி மாணவர்களும் ஜேர்மன் வாசிப்புப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. எங்கள் திணைக்களத்தில் இப்போது அது இல்லை. ஆனால் உதவித்தொகை ஆய்வுகூட வகுப்புகளைக் கற்பிப்பதோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனியான பேச்சாங்கிலப் பரீட்சை உண்டு. ஆங்கில மொழிமூலம் விஞ்ஞானப் பட்டம் பெற்றிருந்ததால் டோஃபலிலிருந்து எனக்கு விலக்குக் கிடைத்தது, இதிலிருந்து கிடைக்கவில்லை. கரும்பலகையின் முன் நின்று அமில, கார நியமிப்பை (titration) விளக்கினேன். பரீட்சகர்கள் முதலாம் ஆண்டு மாணவர்களைப் போல இடைமறித்து, காட்டித் திரவம் (indicator) ஏன் சரியாக அந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று கேட்டார்கள். உச்சரிப்பைவிட, கேள்வியை விளங்கிக்கொண்டு நேரடியாகப் பதில் சொல்வதையே கூடுதலாகக் கவனித்தார்கள். உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள் புறப்படுமுன் நண்பர்களை அமர்த்தி, அவர்கள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்க, ஆங்கிலத்தில் பாடம் நடத்திப் பழகுங்கள்.

ஹட்டனிலிருந்து:

நான் தமிழ் மொழிமூலம் சமூகவியல் படிக்கிறேன். இப்போதே பிரெஞ்சு வகுப்புக்குப் போக வேண்டுமா, அக்கா?

தலவாக்கலையிலிருந்து:

வேண்டாம், தங்கச்சி. உங்கள் ஆய்வுத் தலைப்பே மொழியைத் தீர்மானிக்கும். விண்ணப்பிக்கவுள்ள திணைக்களத்தின் கைந்நூலில் மொழி பற்றிய பகுதியை வாசித்துவிட்டு, தமிழும் சிங்களமும் ஏற்கப்படுமா என்று பட்டப்பின் படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பொறுப்பாளர் மாறினாலும் எழுத்தில் வந்த பதில் கையில் இருக்கும். அதுவரை தினமும் ஒரு சிங்களப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து வாருங்கள்.