‘விலக்கு’, ‘நீங்கல்’, ‘தவிர்’: ஒத்திசைவில் சேராத கோப்புறையை எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

ஒத்திசைவு (சிங்க்) என்பது கணினியிலும் மேகச் சேமிப்பிலும் (கிளவுட்) ஒரே கோப்புகள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அதில் எல்லாவற்றையும் சேர்க்காமல் சில கோப்புறைகளை மட்டும் சேர்க்கும் ‘செலக்டிவ் சிங்க்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை முதலிலிருந்து ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். வந்திருக்கும் சொற்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நாம் எல்லாரும், நானும் சேர்த்துத்தான், பெயர் வைக்கும் ஆர்வத்தில் பொருளைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. நீளமான மடல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், மேகச் சேமிப்பில் இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. வீடியோ வேலைக்காக வைத்திருந்த ஒரு கோப்புறைதான் காரணம். 40 ஜிபிக்கு மேல் இருக்கும். அது மேலே போகவேண்டிய அவசியமே இல்லை. அமைப்புகளைத் திறந்தேன். கோப்புறைகளின் பட்டியல் வந்தது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். வீடியோ கோப்புறையின் டிக்கை எடுத்துவிட்டு ‘சரி’ கொடுத்தேன். இனிமேல் இது மேலே ஏறாது என்று நம்பினேன். கொஞ்ச நேரத்தில் என் கணினியிலிருந்து அந்தக் கோப்புறையே காணாமல் போயிற்று. மேகத்தில் பத்திரமாக இருந்தது. அங்கே இடமும் நிரம்பியபடியே இருந்தது. நான் கேட்டது ஒன்று, நடந்தது அதற்கு நேர் எதிர். மறுபடி டிக் போட்டு, எல்லாம் இறங்கி முடிய மறுநாள் காலை ஆகிவிட்டது.

நிரலில் பிழை எதுவும் இல்லை. அந்த டிக் செய்யவேண்டியதைத்தான் செய்தது. திரையில் இருந்த சொல்லை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள அந்தச் சொல்லே இடம் கொடுத்தது.

ஒரு கோப்புறையை ஒத்திசைவில் சேர்க்காமல் விடுவது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கோப்புறை மேகத்தில் இருக்கும், இந்தக் கணினிக்கு மட்டும் வராது. மேகச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ் 2010 டிசம்பரில் தன் 1.0 பதிப்போடு கொண்டுவந்த செலக்டிவ் சிங்க் இதுதான். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் கோப்புறைகளைத் தேர்ந்தெடுக்கும் திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. டிக்கை எடுத்தால் இந்தக் கணினியில் இருக்கும் பிரதி போய்விடும், மேலே இருப்பது அப்படியே இருக்கும். சிறிய வட்டு உள்ள மடிக்கணினிக்கு இது வரப்பிரசாதம்.

இன்னொன்று இதன் மறுபக்கம். கோப்புறை இந்தக் கணினியில் இருக்கும், ஆனால் ஒத்திசைவு நிரல் அதைத் தொடவே தொடாது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தேவை. ஒரு நிரலுக்குத் துணையாகப் பிறர் எழுதிய நிரல்களை இறக்கி வைக்கும் நோட்மாட்யூல்ஸ் கோப்புறையில் பல்லாயிரம் சின்னச் சின்னக் கோப்புகள் கிடக்கும், ஒரு கட்டளை கொடுத்தால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். அதைப் போய் ஒத்திசைத்தால் கணினியின் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், பயன் ஒன்றும் இல்லை. இதற்கு, கருவிகளை ஒன்றோடொன்று நேராக ஒத்திசைக்கும் சிங்திங் என்ற நிரல் ‘எஸ்டிஇக்னோர்’ என்ற கோப்பை வைத்திருக்கிறது, தொடக்கூடாதவற்றை அதில் எழுதவேண்டும். நெக்ஸ்ட்கிளவுட் என்ற மேகச் சேமிப்பு நிரலும் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆப்பிளின் ஐகிளவுடில் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ‘நோசிங்க்’ என்று சேர்த்தால் அது மேலே போகாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்புகளை நகலெடுக்கும், 1996இல் வந்த ஆர்சிங்கிலேயே ‘எக்ஸ்க்ளூட்’ என்ற தெரிவு உண்டு.

ஆங்கிலத்தில் செலக்டிவ் சிங்க், எக்ஸ்க்ளூட், இக்னோர் மூன்றையும் ஆளுக்கொரு விதமாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரவேண்டும் என்று நமக்கு என்ன கட்டாயம்? நாம் இப்போதுதான் தொடங்குகிறோம். கோப்பு எந்தப் பக்கம் தங்கும் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘தேர்ந்த ஒத்திசைவு’ பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் ஓசை பிடித்திருக்கிறது. ஆனால் ‘தேர்ந்த கலைஞர்’, ‘தேர்ந்த வாசகர்’ என்றுதான் நாம் அந்தச் சொல்லை நாளும் பயன்படுத்துகிறோம். முதல்முறை பார்க்கிறவர் ‘கைதேர்ந்த ஒத்திசைவு’, அதாவது தரமான ஒத்திசைவு என்று படிப்பார். ‘தேர்வு’ என்று வைத்தால் பரீட்சை நினைவுக்கு வரும். ‘தெரிவு’ நல்ல சொல். ஈழத்தமிழ் எழுத்தில் ‘தெரிவு செய்’ இயல்பாகப் புழங்குகிறது, மற்றவர்களுக்கும் புரியாமல் போகாது.

‘புறக்கணி’ என்பது இக்னோருக்கு நேர்ச்சொல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் புறக்கணிப்பில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. கூட்டத்தைப் புறக்கணிப்பார்கள், மனிதரைப் புறக்கணிப்பார்கள். ஒரு கோப்புறையைப் பார்த்து ‘புறக்கணிக்கப்பட்டது’ என்று திரை சொன்னால், ஏதோ பிழை நடந்துவிட்டது போலத் தோன்றும். என் அம்மாவிடம் அப்படி ஒரு திரையைக் காட்டினால் உடனே என்னைக் கூப்பிடுவார்.

‘விலக்கு’ பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். ‘வரிவிலக்கு’ போல ‘ஒத்திசைவு விலக்கு’ என்று ஒருவர் காட்டிய ஒப்புமை மிக அழகானது. வரிவிலக்கில் பணம் நம்மிடமே இருக்கும், மேலே போகாது. இரண்டாவது வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதே சொல் ‘மதுவிலக்கு’ என்று வரும்போது, இங்கே இருக்கவே கூடாது என்று பொருள்படுகிறது. அது முதல் வேலைக்கு அருகில் போய்விடுகிறது. நாம் பிரிக்க நினைக்கும் இரண்டையும் அந்த ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. இன்னொரு சிக்கல், ‘விலக்கு’ பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது, ஏவலாகவும் இருக்கிறது. பொத்தானில் ‘ஒத்திசைவு விலக்கு’ என்று எழுதினால் அது விலக்குகளின் பட்டியலைத் திறக்குமா, இல்லை ஒத்திசைவையே விலக்கிவிடுமா? கட்டுரையில் சூழல் காப்பாற்றும். பொத்தானுக்குச் சூழல் கிடையாது.

அடுத்து நான் முன்மொழிந்த ‘நீங்கல்’. ‘ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும்’ என்பது நமக்குப் பழகிய வழக்கு. இலக்கணத்திலும் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் நீங்கல் ஒன்று, ‘மலையின் வீழ் அருவி’ என்று படித்திருப்போம். இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது வேறு எதற்கு என்றுதான் போன மடலில் எழுதினேன்.

அதற்கு வந்த ஒற்றை வரி மறுப்பு என்னை உட்கார்த்திவைத்துவிட்டது: ‘நீங்கலுக்கும் நீக்கலுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.’

கைபேசியில் சின்ன எழுத்தில் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். நீங்கல். நீக்கல். நடுவில் ங், க். அவசரத்தில் படிக்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘நீக்கு’ என்பதோ நம் இடைமுகங்களில் கோப்பை அழிக்கும் கட்டளை. இது எழுத்துருவோடு நிற்கவும் இல்லை. நீங்கு என்பது தன்வினை, அதன் பிறவினை நீக்கு. கோப்புறை தானாக நீங்குவதில்லை, பயனர்தான் அதைச் செய்கிறார். அப்படியானால் பொத்தானில் பிறவினைதான் வரவேண்டும். அங்கே நம்மிடம் இருப்பது ‘நீக்கு’. ‘ஒத்திசைவிலிருந்து நீக்கு’ என்று எழுதியாக வேண்டும், பாதிப்பேர் அதை ‘கோப்புறையை அழி’ என்று படிப்பார்கள். பெயர்ச்சொல்லாக எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் வினை ஆபத்தானது என்றால் அந்தச் சொல் இந்த இடத்துக்கு ஆகாது. மறுப்பை ஏற்றுக்கொண்டு ‘நீங்கல்’ பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். சுட்டிக்காட்டியவருக்கு மனமார்ந்த நன்றி.

‘ஏற்றவிலக்கு’, ‘இறக்கவிலக்கு’ என்ற இணையும் வந்தது. பதிவேற்று, பதிவிறக்கு இரண்டும் நன்றாக வேரூன்றிவிட்ட சொற்கள், அவற்றின் மேல் கட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் ‘இறக்க’ என்பதைத் தனியாகப் படிக்கும்போது சாவு நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. தவிர, இரண்டாவது வேலை ஏற்றத்தை மட்டும் தடுப்பதில்லை. சிங்திங்கில் ஒரு கோப்புறையை இந்தக் கருவியின் பட்டியலில் சேர்த்தால், இங்கிருந்தும் போகாது, அங்கிருந்தும் வராது. நிரல் அந்தப் பக்கமே போவதில்லை.

மேலே என்னை அறியாமலே ‘தவிர’ என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். இரண்டாவது வேலைக்கு அந்தச் சொல்லையே கேட்கிறேன்: தவிர். ‘இதைத் தவிர மற்றதெல்லாம்’ என்று சொல்லாத தமிழர் இல்லை. தவிர்ப்பதில் அழிப்பதும் இல்லை, துரத்துவதும் இல்லை. இருப்பது அங்கேயே இருக்கிறது, நாம் தொடாமல் கடந்து போகிறோம். ஒத்திசைவு நிரல் செய்வதும் அதுதான். கோப்புறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரும், பட்டியலில் இருக்கும் பெயர் வந்தால் உள்ளே நுழையாமல் அடுத்ததற்குப் போய்விடும். ஆர்சிங்க் இதை எவ்வளவு நேர்மையாகச் செய்கிறது என்று பாருங்கள். மூலத்தில் இல்லாத கோப்புகளைச் சேருமிடத்தில் அழிக்கச் சொல்லும் தெரிவைக் கொடுத்திருந்தாலும், தவிர்க்கச் சொன்ன கோப்புகளை அது அங்கே அழிக்காது. அதற்கென்று தனியாக இன்னொரு தெரிவைக் கேட்டு வாங்கினால்தான் அழிக்கும். ‘ஸ்கிப்’ என்பதற்கும் ‘தவிர்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இங்கே இரண்டும் ஒரே செயல் என்பதால் அது எனக்கு இடையூறாகத் தெரியவில்லை.

சொல் நன்றாக வளைந்தும் கொடுக்கிறது. தவிர், தவிர்த்த கோப்புறைகள், தவிர்ப்பு, தவிர்ப்பு விதி, தவிர்ப்புப் பட்டியல். ஏவலும் பெயரும் தனித்தனி வடிவம், பொத்தானில் குழப்பம் வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே மேலே போய்விட்ட கோப்புறையைப் பிறகு தவிர்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது நிரலுக்கு நிரல் மாறுகிறது. டிராப்பாக்ஸில் அப்படிக் குறித்தால் இங்கே இருக்கும், மேகத்திலிருந்து போய்விடும். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கும் கோப்பை இக்னோர் பட்டியலில் சேர்த்தாலும் அது கண்காணிப்பிலேயே தொடரும். இவ்வளவையும் ஒரு சொல் சுமக்காது. அந்தந்தத் திரையில் முழு வாக்கியமாக எழுதித்தான் ஆகவேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் பட்டியில் (மெனு) வரும் சொல்லுக்குக் கொடுக்கும் கவனத்தை அந்த எச்சரிக்கை வாக்கியத்துக்கும் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, முதல் வேலைக்கு என்ன? அதை விலக்காகவோ தவிர்ப்பாகவோ பார்க்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே பயனர் எதையும் ஒதுக்குவதில்லை, எது இங்கே வேண்டும் என்று தெரிவு செய்கிறார். அதனால் கலைச்சொல்லாக ‘கோப்புறைத் தெரிவு’ போதும். அந்தத் திரையின் தலைப்பாக அதையும் போடாமல், ‘இந்தக் கணினியில் வேண்டிய கோப்புறைகள்’ என்று நேராக எழுதிவிடலாம். டிக் இருந்தால் இங்கே வேண்டும், இல்லாவிட்டால் இங்கே வேண்டாம். அன்றைக்கு என் திரையில் இந்த நான்கு சொற்கள் இருந்திருந்தால் அந்த 40 ஜிபியை நான் ராத்திரி முழுக்க இறக்கிக்கொண்டிருக்க மாட்டேன். டிக்கை எடுக்கும்போது வரும் எச்சரிக்கையும் இப்படி இருக்கட்டும்: ‘இந்தக் கணினியில் இருக்காது. மேகத்தில் அப்படியே இருக்கும்.’ நிலையைக் காட்ட ‘மேகத்தில் மட்டும்’. தவிர்த்தவற்றுக்கு ‘இங்கே மட்டும்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விளக்கமே தேவைப்படாது. (மேகமா முகிலா என்பதை மறுபடி கிளறவில்லை. முகில் என்று எழுதுகிறவர்கள் ‘முகிலில் மட்டும்’ என்று மாற்றிக்கொள்ளலாம், பொருள் கெடாது.)

ஒன்டிரைவில் 2017 முதல் இருப்பது போல, பெயர் மட்டும் இங்கே தெரிந்து, திறக்கும்போது உள்ளடக்கம் வந்து இறங்கும் கோப்புகள் மூன்றாவது வகை. அவற்றுக்கு இன்னும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை, தனி இழையில் பேசலாம்.

கடைசியாக ஒன்று. தவிர்ப்புப் பட்டியலில் ஒரு கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எழுதினாலும், அவற்றில் ஒரே ஒரு கோப்பை மட்டும் சேர்த்துக்கொள் என்று சொல்லவேண்டி வரும். சிங்திங்கிலும் கிட்டிலும் வரியின் முன்னால் ஆச்சரியக்குறி போடுவார்கள். இதை ‘தவிர்ப்பிலிருந்து தவிர்’ என்று எழுதிப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, இதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: விதிவிலக்கு. தவிர்ப்பு விதி, அதற்கு ஒரு விதிவிலக்கு. ‘விலக்கு’ வேண்டும் என்று வாதாடிய நண்பர்கள் இதை ஏற்பார்கள் என்று நம்புகிறேன். முதல் இடத்தில் ‘விலக்கு’ வைத்திருந்தால் இங்கே ‘விலக்கு விதிக்கு விதிவிலக்கு’ என்று எழுதவேண்டி வந்திருக்கும்.

மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். குறிப்பாக, ‘இங்கே மட்டும்’ என்பதில் ‘இங்கே’ எது என்று இரண்டு கணினி வைத்திருப்பவர்களுக்குப் புரிகிறதா என்று சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு இடத்தில்தான் இன்னும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

அன்புடன்.