புதுப்பிப்பு: அடிப்படைக் கணினிப் பயன்பாட்டுப் பாடத்தை முடித்துவிட்டேன்

"டைப் அடிக்கத் தெரியும், மெயில் அனுப்பத் தெரியும், கல்லூரியில் இந்த அறிமுகப் பாடம் தேவையா?" என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்துப் படிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வேர்டு, பவர்பாயின்ட் எல்லாம் சீக்கிரமே ஓடிவிட்டன. வேர்டில் ஸ்டைல்ஸ் மட்டும் நல்ல லாபம்: தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்துவிட்டால் பொருளடக்கத்தை அதுவே தயாரித்துத் தருகிறது.

எனக்கு எக்செல்தான் முக்கியமாகப் பட்டது. ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் அதிலுள்ள செல் (கட்டம்) முகவரிகளும் கூடவே நகரும். நகரக் கூடாததை டாலர் குறி போட்டுப் பூட்ட வேண்டும். இது பிடிபட்டதும் மற்றதெல்லாம் தெளிந்தது. இன்னொன்று, விலுக்கப் (VLOOKUP): ஒரு மதிப்பைப் பட்டியலில் தேடி, அதே வரிசையில் உள்ள தகவலை எடுத்துத் தரும் ஃபார்முலா. கடைசியில் ஃபால்ஸ் (FALSE) என்று கொடுக்காவிட்டால் அது தோராயமான பொருத்தத்தைத் தேடும். வரிசைப்படுத்தாத பட்டியல் என்றால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தப்பான விடை வந்து உட்கார்ந்துவிடலாம். சம்பளப் பட்டியலில் இப்படி நடந்தால் என்ன ஆகும்! ஆசிரியர் இதை அழுத்திச் சொன்னதற்கே பாடம் தகும்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்க வசதியில்லை என்றவர்களுக்கு: பயிற்சிக்கு லிப்ரே ஆபீஸ் போதும், இலவசம். அசைன்மென்டை மட்டும் ஆசிரியர் கேட்கும் ஃபார்மட்டில் சேமியுங்கள்.

அடுத்த செமஸ்டரில் டேட்டாபேஸ் பாடம் எடுக்கிறேன்.