ஆறாத காற்புண்ணுக்குப் பெப்டைடு மருந்து உண்டா?

கேள்வி (குளச்சல்)
வணக்கம். சர்க்கரை நோயுள்ள என் மாமாவின் குதிங்காற்புண்ணில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருப்பதாக, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் தெரிந்தது. அதில் ‘கட்டுப்படும்’ என்று வந்த ஆன்டிபயாட்டிக்கையே கொடுத்தும் புண் ஆறவில்லை. கிருமிகள் உயிரிப்படலம் கட்டிவிட்டன என்கிறார் மருத்துவர். தவளைத் தோலிலுள்ள பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) அப்படலத்தை உடைக்கும் என்று படித்தேன். அம்மருந்துக்காக மாமாவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில் (தக்கலை, நுண்ணுயிரியல் ஆசிரியை)
கல்ச்சர் சோதனை, சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகளின் மீது மருந்தைச் சோதிக்கிறது. புண்ணிலோ அவை சர்க்கரைப் பொருள்களும் புரதமும் டி.என்.ஏ.வும் கலந்த பசைக்குள், அதாவது உயிரிப்படலத்துக்குள், கூட்டமாகப் பதுங்கியிருக்கின்றன. உள்ளடுக்கில் ஆக்சிஜனும் உணவும் குறைவதால் பல செல்கள் பெருகாமல் உறங்குகின்றன. பெருகும் செல்லின் வேலையைத் தடுத்துக் கொல்லும் மருந்துகள் உறங்கும் செல்லிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. பெப்டைடுகளின் மீது நம்பிக்கை பிறந்ததும் இதனால்தான்: நேர்மின்னூட்டம் கொண்ட அவை, எதிர்மின்னூட்டமுள்ள கிருமிச் சவ்வில் ஒட்டி அதையே சிதைப்பதால், செல் பெருகுகிறதா உறங்குகிறதா என்பது அவ்வளவு பொருட்டல்ல. நம் உடலே சுரக்கும் எல்எல்-37 என்ற பெப்டைடு, கிருமியைக் கொல்லப் போதாத அளவிலும் சூடோமோனாஸ் படலம் கட்டுவதைத் தடுப்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் கட்டவிடாமல் தடுப்பது வேறு, முதிர்ந்த படலத்தைக் கரைப்பது வேறு. செய்திகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பதில் (மார்த்தாண்டம், மருந்தாளுநர்)
அண்ணாச்சி, அதற்காக அலைய வேண்டாம். 1987இல் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலில் மகைனின் என்ற பெப்டைடைக் கண்டறிந்தார். அதையொட்டி உருவாக்கிய பெக்சிகனான் களிம்பு, சர்க்கரைக் காற்புண்ணுக்கென்றே சோதிக்கப்பட்டது. 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் அது மருந்தில்லாத வெறும் களிம்பைக்கூட விஞ்சவில்லை என்பது 2016இல் தெரியவந்தது. சீழில் நிறைந்திருக்கும் நொதிகள் புரதத்தை வெட்டுவதுபோலப் பெப்டைடையும் வெட்டிவிடுவது இவ்வகை மருந்துகளுக்குப் பெரிய தடை. மருத்துவமனையில் சூடோமோனாஸுக்குப் பயன்படும் கொலிஸ்டினும் பெப்டைடுதான். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, சர்க்கரை நோயாளிக்கோ அங்கேதான் முதலில் கவலை. எனவே வேறு வழியில்லாதபோதுதான் அதை எடுக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் இப்போது என்ன செய்வது?

பதில் (தக்கலை)
அழுகிய சதையை மருத்துவர் வெட்டிச் சுத்தம் செய்வதுதான் படலத்தை உடைக்க இன்று கையிலிருக்கும் நம்பகமான வழி. சில நாட்களுக்குள் அது மீண்டும் முதிர்ந்துவிடும் என்பதால், சுத்தம் செய்த கையோடு மருந்திடுவதும், தேவைக்கேற்ப மறுபடி சுத்தம் செய்வதும் முக்கியம். காலுக்கு இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று டாப்ளர் சோதனையில் பார்த்தார்களா எனக் கேளுங்கள். ஓட்டமில்லாத காலுக்கு எந்த மருந்தும் போய்ச் சேராது. குதிங்காலை ஊன்றாமல் நடக்க ஏற்ற செருப்பையும் மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.