கல்யாணப் பத்திரிகைக் கேள்வி

நான் (8:40): அக்கா, நேற்று அனுப்பிய ஒப்பந்தச் சட்டக் கட்டுரையைப் பார்த்தாயா? வக்கீல் உரிமத்துக்கான கலிபோர்னியா பார் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அக்கா (8:52): பார்த்தேன். சட்டத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கேள்வியில் வரும் அச்சகக்காரரை உன் பதிலில் காணவே காணோம்.

மாமா (8:55): நாலு பக்கம் எழுதியிருக்கிறாளே! எங்கள் காலத்தில் கூடுதல் தாள் வாங்கினால்தான் மார்க்.

அக்கா (8:59): அங்கே சரி மாமா. இங்கே முதல் நாளே ஐந்து கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். அதோடு, கொடுத்த ஆவணங்களை வைத்து வக்கீல் வேலையைச் செய்துகாட்டும் 90 நிமிடச் செயல்முறைத் தாள். தெரிந்ததையெல்லாம் கொட்ட நேரம் கிடையாது.

அக்கா (9:04): இதைப் பார். கேள்வியில், அச்சகக்காரரிடம் போனில் 2,000 டாலருக்குக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர், பாதி அச்சானதும் ரத்து. நீ எழுதியது: "500 டாலர், அதற்கு மேல் போகும் சரக்கு விற்பனைக்குக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். தனியாகச் செய்து தரும் பொருளுக்கு விலக்கு உண்டு. எனவே ஒப்பந்தம் செல்லும்." விலக்கு இந்த அச்சகக்காரருக்கு ஏன் பொருந்துகிறது? அதுதான் கேள்வியே, அதை விட்டுவிட்டாய்.

நான் (9:06): அது தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன்.

அக்கா (9:08): திருத்துபவர் உன் மனதுக்குள் பார்க்க மாட்டார். விதியின் ஒவ்வொரு துண்டுக்கும் கதையிலிருந்து ஒரு உண்மையை எடுத்து, 'ஏனென்றால்' போட்டு எழுது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் வேண்டும்.

நான் (9:31): "இந்த விலக்கு பொருந்தும். ஏனென்றால் மணமக்கள் பெயர் அச்சான பத்திரிகையை வேறு யாருக்கும் விற்க முடியாது. ரத்துச் செய்தி வருவதற்கு முன்பே பாதி அச்சாகிவிட்டதால் வேலை கணிசமாகத் தொடங்கிவிட்டது. மீதி வெறும் அட்டைதானே, வேறொருவருக்கு விற்கலாமே என்று வாங்கியவர் வாதிடலாம். ஆனால் ஆர்டர் கொடுத்தது பெயர் அச்சிட்ட பத்திரிகைக்கு, வெறும் அட்டைக்கு அல்ல."

அக்கா (9:34): இதுதான்! இந்தப் பத்தி உன் நாலு பக்கத்தை விடப் பெரிது.

மாமா (9:36): கோர்ட்டில் வாதாடுவது போலவே இருக்கிறதே.

அக்கா (9:38): ஆமாம் மாமா. அப்புறம், நேரம். முதல் தடவை நான் தோற்றது அதில்தான். பிடித்த கேள்விக்கு 80 நிமிடம் கொடுத்தேன், அடுத்ததைப் பாதியில் விட்டேன். நீ கேள்வியின் கடைசி வரியை முதலில் படி, கால் மணி நேரம் குறிப்பெடு, பிறகு எழுது. ஒரு மணி நேரம் முடிந்தால் அடுத்ததற்குப் போய்விடு. தேர்வை நடத்தும் ஸ்டேட் பார் அமைப்பின் தளத்தில் பழைய கேள்விகளும் தேர்ந்தெடுத்த விடைகளும் இருக்கின்றன. எழுதி முடித்த பிறகுதான் விடையைத் திறக்க வேண்டும்.

நான் (9:41): சரி அக்கா. நாளை காலை தம்பதியர் சொத்துக் கேள்வி ஒன்று, கடிகாரம் வைத்து.

அம்மா (9:50): அந்த அச்சகக்காரருக்குப் பணம் கிடைக்குமா, கிடைக்காதா?

நான் (9:51): கிடைக்கும் என்றுதான் எழுதியிருக்கிறேன் அம்மா.